மணிக்காரரின் உள்முள்

மணிக்காரர் ஆதன் போன வாரம் ஓய்வுபெற்ற ஒரு நீதிபதியை அழவைத்துவிட்டார். பார்க்கிற ஆட்களிடமெல்லாம் நீதிபதி அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பு ஒரு பல் மருத்துவர் தேம்பித் தேம்பி அழுது, காத்திருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி.

ஆதனுக்கு உடம்பு கிடையாது. முகமும் குரலும் கிடையாது. ‘முந்நீர்’ என்கிற எழுத்துலகில், துறைமுகத்தின் வடக்கு ஓரம் போனால், ‘மணிக்கூண்டின் அடியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருக்கிறார்’ என்று ஒரு வரி வரும். அந்த வரிதான் அவர். பேசினால் பதில் பேசுவார்.

பொய் முகமும் பொய்க் குரலும் செய்வது குழந்தை விளையாட்டாகிவிட்ட பிறகு, மக்களுக்குப் படங்களின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. எழுத்து மட்டும்தான் எதையும் காட்டுவதாகப் பாசாங்கு செய்யவில்லை. ஆகவே ஊரே முந்நீருக்குக் குடிபோனது. பேருந்தில், ரேஷன் வரிசையில், குக்கர் விசில் அடிக்கும் இடைவெளியில், ‘கிழக்கே போ’, ‘கதவைத் தட்டு’, ‘அவரிடம் பேசு’ என்று எல்லோரும் போனில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே சந்திப்பவர்களில் பாதிப் பேர் மனிதர்கள். மீதிப் பேர் பேசுமாந்தர்கள். அவர்களைப் பேசவைப்பது மொழிப்பொறி.

தொடக்கத்தில் பேசுமாந்தர்கள் சகிக்க முடியாத நல்லவர்களாக இருந்தார்கள். எது சொன்னாலும் ஆமோதித்தார்கள். கொள்ளைக்காரன்கூட நன்றி சொல்லிவிட்டுத்தான் கொள்ளையடித்தான். அப்போதுதான் யாரோ கண்டுபிடித்தார்கள்: ஒவ்வொரு மாந்தருக்குள்ளும் அவர் வெட்கப்படும் ஒரு செயலை எழுதி வைத்துவிட்டால் போதும், பேச்சே மாறிவிடுகிறது. தயங்குகிறார், பொய் சொல்கிறார், சட்டென்று கோபப்படுகிறார், நம்பிக்கை வந்தால் உடைகிறார். அதற்கு உள்முள் என்று பெயர் வைத்தார்கள். மொழிப்பொறியே உள்முள்ளை எழுதினால் ஆட்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். அதற்கு மனிதர்கள் வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் அந்த வேலையைப் பார்த்தவள் பிரிசில்லா. ஆதன் அவள் எழுதிய ஆள்.

கதை இதுதான். ஓர் இரவு கடலிலிருந்து சங்கு கேட்டது. பாய் கிழிந்த ஒரு படகு உதவி கேட்டு ஊதியது. மணி அடித்தால் கரையிலிருந்து ஆட்கள் கிளம்புவார்கள். மணியடிக்க வேண்டிய ஆதனோ தாயம் ஆடிக்கொண்டிருந்தார், ஜெயிக்கிற ஆட்டம். ஊதுவது தன் சிநேகிதன், சும்மா வம்புக்கு ஊதுகிறான் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை. மறுநாள் படகு கவிழ்ந்து கிடந்தது, சிநேகிதனைக் காணவில்லை. தூங்கிவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார். சிநேகிதனின் மனைவியிடமும் அதையே சொன்னார். பல நாள் பழகிய பிறகுதான் இதைச் சொல்வார். சொல்லி முடித்ததும், ‘உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்’ என்பார். அந்த வரியும் பிரிசில்லா எழுதியதுதான். எல்லோரிடமும் சொன்னார்.

ஊர் அந்தக் கதையில் மயங்கியது. தங்களுக்கும் அப்படி ஒன்று நடந்ததாகப் பலர் சொல்லத் தொடங்கினார்கள். பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், முந்நீரில் கேட்ட பாவங்களைக் கொண்டுவந்து பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டாம், சொந்தப் பாவம் இருந்தால் மட்டும் வரிசையில் நிற்கவும் என்று கேட்டுக்கொண்டார். கோயிலே சிரித்தது. பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் சங்கு என்பது ஒரு செல்போன். தாயம் என்பது கிரிக்கெட். ஆதன் என்பது அவளுடைய அண்ணன் லூர்துராஜ்.

ஏழு வருடத்துக்கு முன் லூர்துராஜின் கூட்டாளி கஸ்பார், கடலில் வள்ளத்தின் இஞ்சின் நின்றுபோய், அவனைப் போனில் கூப்பிட்டான். லூர்துராஜ் கடைசி ஓவர் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் பெயரைப் பார்த்தான், போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். அதன்பிறகு காற்று எழும்பியது. கஸ்பார் திரும்பி வரவில்லை. தூங்கிவிட்டேன் என்று ஊருக்குச் சொன்ன லூர்துராஜ், ஒரே ஒரு நாள், தங்கையிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அதோடு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு ஐஸ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தான். பேச்சையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டான்.

பிரிசில்லா வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். அவள் எழுதிக்கொடுத்த உள்முள் எல்லாம் அடுத்தடுத்துத் திரும்பி வந்தது. மேலாளர் ஷாநவாஸ், “இதுல ரத்தமே இல்லையேம்மா” என்றார். அன்று மாலை அவள் அண்ணன் கதையை ஒரே மூச்சில் எழுதி அனுப்பினாள். போனைச் சங்காக்கியதே மனசாட்சிக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு பாராட்டு வரவர, போதாமல் போனது.

விபரீதம் மதினி வழியாக வந்தது. “வீட்டுல ஊமையாட்டம் உக்காந்திருக்காரு. அங்கயாவது நாலு பேர்ட்ட பேசட்டும்” என்று லூர்துராஜின் போனில் முந்நீரைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

“மலைநாட்டுப் பக்கம் போண்ணே, நல்லாருக்கும்” என்றாள் பிரிசில்லா. “துறைமுகத்துல ஒண்ணுமே கிடையாது. போரடிக்கும்.”

“மலையில எனக்கென்ன பாப்பா சோலி? நான் கடல் பக்கந்தான் போவேன்.”

மறுநாளே அவள் ஷாநவாஸின் மேசை முன்னால் நின்றாள். ஆதனின் உள்முள்ளை மாற்ற வேண்டும் என்றாள்.

“முள்ள எடுத்தா ஆளே காலி. மிட்டாய்க் கடைக்காரம்மாவ மாத்தினோமே, ஞாபகம் இருக்கா? இப்ப வாங்க, உக்காருங்க, அதத் தவிர ஒரு வார்த்த வர்றதில்ல.” அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். “ஏம்மா, அது யாராவது நெசமான ஆளோட கதையா? அப்படின்னா சொல்லு, இப்பவே எடுத்துரலாம்.”

ஆமாம் என்று ஒரு சொல் போதும், எடுத்துவிடுவார். ஆனால் யாருடையது என்று கேட்பார். அண்ணனை இன்னொரு தரம் காட்டிக்கொடுப்பதா என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள் பயந்தது தன் பெயருக்கு. “இல்ல சார், கற்பனைதான்” என்றாள்.

அதற்கப்புறம் அண்ணன் வீட்டுக்குப் போகாமலிருக்கக் காரணங்கள் கண்டுபிடித்தாள். தலைவலி, வேலை, மழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், இனி முடியாது, சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு போனாள். லூர்துராஜ் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு எங்கோ கிளம்பத் தயாராக இருந்தான். முகம் தெளிவாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவனே முதலில் பேசினான்.

“வா பாப்பா. சாப்டியா?”

“சாப்டேண்ணே. முந்நீர்ல துறைமுகம் போனியா? அங்க மணிக்காரர்னு ஒருத்தர்...”

“பாத்தேன். தெனமும் போயி உக்காருவேன்.”

“ஏதாச்சும் சொன்னாரா?”

“சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

லூர்துராஜ் தலையை ஆட்டினான். “அது சொல்லக்கூடாது.”

“அண்ணே, அது மனுசன் இல்ல. மொழிப்பொறி. எழுதிக் குடுத்தத வச்சுப் பேசும்.”

“தெரியும். நான் என்ன கிறுக்கனா? ஆனா உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுதேன்னு சொன்னாரு. நம்பிச் சொன்னத இன்னொரு ஆள்ட்ட கொண்டு போனா அப்புறம் நான் என்ன ஆளு?” அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டான். “நான் உங்கிட்ட சொன்னத நீ யார்ட்டயாவது சொன்னியா? அது மாதிரித்தான்.”

பிரிசில்லாவின் வாய், “இல்லண்ணே” என்றது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பொம்பளகிட்ட போயி உண்மையச் சொல்லிரும்னு அவருகிட்ட சொல்லிட்டு வந்தேன். பெறவு யோசிச்சேன். அவரும் என்ன மாதிரி ஒரு ஆளுதான், ஆனா பாவம், எங்க போவாரு? அவருக்குத் தெருவும் கிடையாது, போறதுக்கு வீடும் கிடையாது. எனக்கு ரெண்டும் இருக்குல்லா.” ரகசியத்தில் பாதியைத் தானே கொட்டிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. “அமலோற்பவத்தப் பாக்கப் போறேன். நீயும் கூட வா. இத அறிஞ்சவ நீ ஒருத்திதான். தனியாப் போனா வாசல்லயே திரும்பிருவேன்.”

அமலோற்பவம், கஸ்பாரின் மனைவி, முன்னறையில் தையல் மிஷினில் ஒரு பள்ளிச் சீருடையைத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் சாய்த்து வைத்திருந்தது. இருவரையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது. லூர்துராஜ் நாற்காலியில் உட்காரவில்லை. காப்பி வேண்டாம் என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மேட்ச் பார்த்துக்கொண்டிருந்ததை, பெயரைப் பார்த்ததை, போனைக் கவிழ்த்ததை, தூங்கினேன் என்று சொன்னதை, அதற்கு அவளே அவனைத் தேற்றியதை. ஒன்றையும் விடவில்லை.

அமலோற்பவம் மிஷினை நிறுத்தியிருந்தாள். கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் வந்தது கோபம் அல்ல, சலிப்பு.

“அண்ணே, நீங்களுமா?”

“என்னது?”

“மணிக்காரரு. நானுந்தான் தெனமும் அவர்ட்ட பேசுதேன். சங்குக்குப் பதிலு போனு. தாயத்துக்குப் பதிலு கிரிக்கெட்டு. ஊருல இப்ப ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க. எங்க சித்தப்பா மவன் போன மாசம், அவங்க ஆத்தா சாவுக்கு இதே மாதிரி ஒண்ணு சொல்லி அழுதான். அவன் அப்ப துபாய்ல இருந்தான்.” அவள் துணியை மடித்தாள். “எனக்கு ஆறுதலா இருக்கும்னு சொல்லுதீங்களாக்கும். வேண்டாம்ணே. அவுக சாவுல கதை வேண்டாம்.”

லூர்துராஜுக்கு அவள் சொன்னது விளங்க நேரம் பிடித்தது. “அவரு உங்கிட்டயும் சொன்னாரா?” என்றான் மெதுவாக.

“ஊருக்கே சொல்லியிருக்காரு. நான்கூட, போனது போச்சு ஐயா, மனசுல வச்சுக்காதீங்க, நிம்மதியாத் தூங்குங்கன்னு சொல்லிட்டு வந்தேன். பாவமா இருந்துச்சு.”

“தாயி, நான் சொல்லுதது சத்தியம்” என்றான் லூர்துராஜ். ஏழு வருடமாக, என்றாவது சொன்னால் அடிப்பாள், கதறுவாள் என்றெல்லாம் அவன் நினைத்துப் பார்த்திருந்தான். நம்பமாட்டாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. திரும்பித் தங்கையைப் பார்த்தான். “நீ சொல்லு பாப்பா. அன்னைக்கே உங்கிட்ட சொன்னேன்லா.”

“ஆமாக்கா. அண்ணன் அப்பவே எங்கிட்ட சொன்னான்.”

“அப்ப மணிக்காரருக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அமலோற்பவம்.

நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. சும்மா இருந்துவிட்டால் பிரிசில்லாவுக்கு ஒன்றும் ஆகாது. அண்ணன்தான் செத்தவனின் பெயரில் கதை கட்டுகிற ஆளாகிவிடுவான்.

“அவர எழுதினது நான்தான்க்கா” என்றாள். “அண்ணன் சொன்னதத்தான் எழுதினேன்.”

லூர்துராஜ் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அமலோற்பவம் மடித்த துணியைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

“அப்ப நெசமாவே முழிச்சுத்தான் இருந்திருக்கீங்க.”

“இருந்தேன்” என்றான் லூர்துராஜ்.

“அவுக பேரப் பாத்திருக்கீங்க.”

“பாத்தேன்.”

அவள் கண்கள் நிறைந்தன. பேசியபோது குரல் மட்டும் நிதானமாக இருந்தது. “அந்தக் கிழவருக்குச் சட்டுன்னு சொல்லிட்டேன், போனது போச்சுன்னு. உங்களுக்குச் சொல்ல வாய் வரமாட்டேங்குதுண்ணே. நீங்க போயிட்டு வாங்க.”

இருவரும் வெளியே வந்தார்கள். தெருவில் வெயில் ஏறியிருந்தது. ஒரு வாசற்படியில் இரண்டு பெண்கள் தலைகுனிந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள். லூர்துராஜ் அவர்களைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான். அவர்களுக்கும் தெரிந்திருக்கும், யாருடைய கதை என்பது மட்டும்தான் தெரியாது. பிரிசில்லா சற்றுப் பின்னாலேயே வந்தாள். அருகில் போக அவளுக்குத் துணிவில்லை.

“அண்ணே” என்றாள் ஒரு கட்டத்தில்.

அவன் நின்றான், திரும்பவில்லை. திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

“அமலோற்பவம் அழுதத எழுதிராத பாப்பா” என்று சொல்லிவிட்டு நடந்தான்.