ஆள் ஏறாத கப்பல்

பசைப் போத்தல் மேசையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு உருண்டு போனது. விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு யாரும் தொடாமலே வந்த வழியால் திரும்பி உருண்டது.

நிஷாந்தன் கையை வைத்து அதை நிறுத்தினான். மேசைக்கால் ஆடுகிறதாக்கும் என்று நினைத்து, மட்டையை மடித்துக் கீழே சொருகினான். போத்தல் மறுபடியும் உருண்டது. வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டித் தந்த மேசனை வாய்க்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, மட்டக்கோலை எடுத்துச் சீமெந்துத் தரையில் வைத்துப் பார்த்தான். கண்ணாடிக் குழாய்க்குள் நீர்க்குமிழி சரியாக நடுவில் நின்றது. அப்பாடா என்று நிமிரப் போனவன், குனிந்தபடியே நின்றுவிட்டான். குமிழி மெல்ல இடது பக்கம் நகர்ந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அங்கே நின்றது. பிறகு மெல்ல வலது பக்கம் வந்தது.

“சுதா, மேசையை ஆட்டினனியே?” என்று கத்தினான். தரையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை.

“நானேன் ஆட்டுறன்? எனக்கு வேறை வேலை இல்லையே?” குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

பின்னேரம் நாலு மணி. மூன்று மாதமாக ஒரு துளி மழை இல்லை. விசுவமடு முழுவதும் கச்சான் காற்று செம்மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தூசு வேலையைக் கெடுத்துவிடும் என்பதால் சன்னல்களை இறுக்கிச் சாத்தி, இடுக்குகளில் பழைய துணியை அடைத்து வைத்திருந்தான். அறைக்குள் காற்றே இல்லை. ஆனாலும் மேசை நடுவில் நின்ற மாதிரிக் கப்பலின் பாய்கள் நேற்று அவன் விட்டுவிட்டுப் போனதைவிடக் கூடுதலாகப் புடைத்திருந்தன. கஞ்சி போட்ட துணி, வெக்கைக்கு இழுபட்டிருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

நாலடி நீளக் கப்பல். மூன்று பாய்மரம், எழுபத்து நான்கு பீரங்கி. திருகோணமலையில் ஒரு ஹோட்டல் வரவேற்பறைக்காக எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. நாளைக்கு லொறி வரும். கப்பலை வைத்து ஆணியடிக்க ஆளுயரப் பலகைப்பெட்டி ஒன்று பக்கத்து அறையில் தயாராகக் கிடந்தது. ஹோட்டல்காரர் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லியிருந்தார்: கப்பலின் மேல்தட்டில் ஆள் பொம்மைகளை வைக்கவேண்டாம், விளையாட்டுச் சாமான் மாதிரிப் போய்விடும். நிஷாந்தனுக்கும் அது சரியாகவே பட்டது. நேற்றுப் பின்னேரம் கடைசி முடிச்சு விழுந்தபோது கப்பலில் எல்லாமே இருந்தன. நங்கூரம், தண்ணீர்ப் பீப்பாக்கள், குண்டுகள், மணி, சுக்கான். ஆள் மட்டும் இல்லை.

மனைவி சுதாஜினி தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள்.

“இஞ்சை பாருங்கோ. ரெண்டு நாளா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறன், போகுதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு இந்தக் கையோடை எப்பிடிப் போறது?”

உள்ளங்கை ரேகைகளிலும் நகக்கண்களிலும் தார் ஏறிக் கிடந்தது. எல்லாம் அவனால் வந்தது. மற்றவர்கள் நூலுக்குக் கறுப்பு மை பூசி வேலையை முடிப்பார்கள். இவனுக்கு அது போதவில்லை, அசலாக இருக்கவேண்டும். தேன்மெழுகோடு தாரை உருக்கி, அதற்குள்ளால் நூலை இழுத்து, அந்தக் காலத்துக் கப்பல் கயிற்றின் மணம்கூட வரும்படி செய்தான். ஆனால் தார் பட்டால் அவனுடைய தோல் கொப்பளித்துவிடும். எனவே மரவேலை அவனுக்கு, கையில் றப்பர் உறையோடு. கயிற்று வேலை முழுக்க அவளுக்கு. பாய்மரங்களில் ஏறுகிற கயிற்றேணிகளில் மட்டும் நாலாயிரம் முடிச்சு. ஒவ்வொன்றையும் சுதாஜினிதான் போட்டாள்.

“அசல் கப்பல்காரன்ரை கை மாதிரிக் கிடக்கு,” என்று சிரித்தான்.

“பிறகென்ன, என்னைப் பிடிச்சுக்கொண்டு போகட்டும்,” என்றாள் அவள், வெறும் பகிடியாக.

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. முடிச்சுப் போடுகிற நாட்களில் அலுப்புத் தெரியாமல் இருக்க, போனில் தேடித்தேடி வாசித்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருந்தான். இருநூற்று நாற்பது வருடங்களுக்கு முன் திருகோணமலைக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இப்படிப்பட்ட கப்பல்களில் நின்று ஒருவரையொருவர் கிழித்துக்கொண்ட கதை. இந்த அளவுக் கப்பலை ஓட்ட அறுநூறு பேர் வேண்டும். பாதிப் பேர் நோயிலும் குண்டிலும் செத்துப்போவார்கள். அப்போது இங்கிலாந்துத் துறைமுகங்களில் கப்பலிலிருந்து ஒரு கூட்டம் தடிகளோடு கரைக்கு இறங்கும். வீடு வீடாகத் தட்டும். பெயர் கேட்காது, சம்மதம் கேட்காது. கையை விரித்துப் பார்க்கும். தார் பிடித்த கையென்றால் அவன் கயிறு தெரிந்தவன், கப்பலுக்கு ஆகிறவன். இழுத்துக்கொண்டு போய்விடும். விடுவிப்புக் கடுதாசி வைத்திருந்தவனைக்கூடச் சில நாட்களில் விடமாட்டார்கள்.

அதைக் கேட்ட அன்று சுதாஜினி ஊசியை வைத்துவிட்டு, “இஞ்சையும் அப்பிடித்தானே. உங்கடை அக்காவையும்…” என்று இழுத்தாள்.

“நான் அப்ப கிளிநொச்சியிலை நிண்டனான்,” என்று அவன் சொன்னான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லி வருகிற பொய்.

அவன் கிளிநொச்சியில் நிற்கவில்லை. இதே காணியில், ஆட்டுக்கொட்டிலுக்குக் கீழே வெட்டிய குழிக்குள், தகரத்தையும் புழுக்கையையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு குந்தியிருந்தான். வயது பதினேழு. தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறிய அவனுடைய அப்பா வாசலில் நின்று கும்பிட்டுக் கெஞ்சியது கேட்டது. இயக்கத்துக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள், சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். பிறகு ராஜினி அக்கா, “தம்பி இல்லை, நான் வாறன்,” என்றது கேட்டது. தகரத்தைத் தள்ளி எழும்ப ஒரு கை போதும். அவன் எழும்பவில்லை. அக்கா திரும்பி வரவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சாகும்வரை அதைப் பற்றி அவனோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாத தண்டனையாக இருந்தது.

“என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று சுதாஜினி கேட்டாள்.

“ஒண்டுமில்லை. நீ கையைக் கழுவு.”

“இவ்வளவு நேரமும் அதைத்தானே செய்தனான்!”

அவள் போய்விட்டாள். அவன் கையுறையைக் கழற்றாமலே தேத்தண்ணியை எடுத்தான். கோப்பைக்குள் தேத்தண்ணி ஒரு பக்கம் சரிந்து ஏறியது. பிறகு மறுபக்கம் சரிந்தது. குடிக்காமல் கீழே வைத்தான்.

ஐந்தரைக்குக் கரண்ட் நின்றது. காற்று கம்பியை அறுத்திருக்கும்; இந்த மாதத்தில் இது வழக்கம்தான். குசினிக்குள் ஓடிய காற்றாடி கடகடத்து ஓய்ந்த பிறகுதான், அதுவரை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் அவனுக்குக் கேட்டது. மரம் மரத்தோடு உரசி முனகுகிற சத்தம். கப்பலிலிருந்து வரவில்லை. அது கூரையைத் தாங்கும் தீராந்திகளிலிருந்து வந்தது, கதவு நிலைகளிலிருந்து வந்தது, முழு வீட்டையும் யாரோ இருபுறமும் பிடித்து மெல்ல முறுக்குவது போல ஒரு பக்கம் நீண்டு முனகி, பிறகு மறுபக்கம் முனகியது. அதோடு மணமும் வந்தது. தார்ப் பேணியின் மூடி இறுகத்தான் இருந்தது. ஆனால் தார் மணத்தோடு உப்பும், நாள்பட்ட ஈரத்துணியும், வெகுபேர் நெருக்கியடித்துப் படுத்த இடத்தின் புளித்த வியர்வையும் கலந்து, சுவரிலிருந்து கசிவது போல அறையை நிறைத்தன. கடல் இங்கிருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

பொழுது படத் தொடங்கியது. கொட்டிலில் கோழிகள் அடையும்போது போடுகிற சண்டை இன்றைக்கு இல்லை. பக்கத்துக் காணி நாயும் குரைக்கவில்லை. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அதன் சத்தம் எங்கோ தூரத்துக்கு விலகிப் போயிருந்தது. அந்த அமைதிக்குள் ஒரு விசில் ஊதியது. மெல்லியது. ஒரே மூச்சில் உயர்ந்து, உச்சியில் நடுங்கி, அறுந்தது.

அந்த விசிலை அவன் போனில் கேட்டிருக்கிறான். கப்பல் ஆட்களை மேல்தட்டுக்கு அழைக்கிற விசில்.

பிறகு கால்கள். வெறுங்கால்கள். வெளியே ஒழுங்கையின் கிறவல் மண்ணில். நாலு பேரோ ஐந்து பேரோ அல்ல. ஒரே சீராக, அவசரமில்லாமல். படலையைத் திறக்கிற சத்தம் வரவில்லை. கால்கள் படலைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன.

கதவில் தட்டினார்கள். கையால் அல்ல. தடியால். மூன்று தரம்.

சுதாவிடம் ஓடவேண்டும். கதவைத் திறவாதே என்று சொல்லவேண்டும். இதைத்தான் அவன் நினைத்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால்கள் நெஞ்சில் முட்டின. பலகை மணத்தது. தலைக்கு மேலே மூடி. கப்பலுக்காகச் செய்த பலகைப்பெட்டிக்குள் இருந்தான். எப்போது வந்தான், எப்போது மூடியை இழுத்தான், தெரியாது. பதினேழு வயதில் பழகிய உடம்பு அவனைக் கேட்காமலே ஒளித்துக்கொண்டது.

“ஆர்?” சுதாஜினியின் குரல். கதவுக் கொளுக்கி கழன்றது.

பதில் கேட்கவில்லை.

“ஓம், அவரின்ரை வீடுதான். நீங்கள் எந்த இடம்?”

பதில் கேட்கவில்லை. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும், வாசல் தரையில்.

“ஏன் எல்லாரும் தெப்பமா நனைஞ்சுபோய் நிக்கிறியள்? எங்கை மழை?”

எழும்பு, என்று தனக்குள் கத்தினான். மூடிக்கு ஆணி இல்லை. ஒரு கை போதும்.

“இஞ்சாருங்கோ!” அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். குரலில் பயம் இன்னும் ஏறவில்லை. “இவையள் என்ரை கையைக் காட்டட்டாம்.”

காட்டாதே. மூடிக்குக் கீழே உதட்டை மட்டும் அசைத்தான்.

“இது தார். கப்பலுக்குக் கயிறு கட்டினது நான்தான். ஏன் கேக்கிறியள்?”

ஈரக் கால்கள் வாசல்படி ஏறின.

“விடுங்கோ… கையை விடுங்கோ! இஞ்சாருங்கோ! எங்கை போயிட்டியள்?”

கதிரை விழுந்தது. ஒரு செருப்பு தரையில் இழுபட்டது. அவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். தன்னையே அருவருத்து வெறுத்தான், ஆனாலும் அசையவில்லை.

கால்கள் போகவில்லை. அறைக்குள் வந்தன. பெட்டியைச் சுற்றி நின்றன. பலகை இடுக்கால் மஞ்சள் வெளிச்சம் நுழைந்தது. மூடி உயர்ந்தது.

கண்களை இறுக மூடினான். ஒரு கை, ஈரமாக, குளிராக, அவன் மணிக்கட்டைப் பிடித்தது. றப்பர் உறையை விரல் விரலாக உருவியது. உள்ளங்கையை விரித்தது. ஒரு பெருவிரல் ரேகைகளின் மேல் மெல்லத் தேய்த்துப் பார்த்தது. வெள்ளைத் தோல். ஒரு காய்ப்பும் இல்லை. தாரில்லை.

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

அவன் கையை மடித்து, மடியிலேயே வைத்தார்கள். மூடியைத் திரும்பவும் மூடினார்கள். கவனமாக. விசில் ஊதியது.

அவன் வெளியே வந்தபோது முன்கதவு திறந்து கிடந்தது. வாசலிலிருந்து உள்ளே ஈரக் கால்தடங்கள் வந்திருந்தன. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை. எல்லாத் தடங்களும் மேசையடிக்குப் போய், அங்கே முடிந்தன. “சுதா,” என்றான். “சுதா, நான் நிக்கிறன். வந்திட்டன்.” வாசல் பக்கத்தால் கடைசி வெளிச்சம் வந்து பாய்களின் மேல் விழுந்தது.

நடுப் பாய்மரத்தின் உச்சிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் தொங்கும் குறுக்குமரத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் துணி மடிப்பு மடிப்பாக மேலே ஏறியது. வெள்ளைத் துணியில் மிளகைவிடச் சிறிய கறுப்புத் தடங்கள் சோடி சோடியாகத் தோன்றின. கைகள். ஒன்பது சோடி, வரிசையாக, வேகமாக, வேலை பழகிய கைகள்.

பத்தாவது சோடி கடைசி ஓரத்தில், வெளியே துருத்திய நுனியில் இருந்தது. அதற்குப் பழக்கமில்லை. பிடித்தது. வழுக்கியது. மறுபடி பிடித்தது. துணியில் நீளமாக இழுபட்டது.

ஒரு கைத்தடம் மறைந்தது. மற்றது மட்டும் பாயின் விளிம்பில் தொங்கியது.

நிஷாந்தன் பாய்ந்து போய் அதற்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திப் பிடித்தான். கப்பல் முனகியது. மெல்ல மறுபக்கம் சாய்ந்தது. அந்தக் குறுக்குமரத்தை அவனுக்கு எட்டாத பக்கமாக, சுவரோரத்து இருட்டுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து கொசுவின் சத்தத்தைவிட மெல்லிதாக, “இஞ்சாருங்கோ” என்று அவனை ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.