இரண்டு கால்களுக்கு ரப்பர்

டொக்... டொக்... நாங்கள் செய்த ஸ்டூல் ஆடியது.

பள்ளி வடிவமைப்பு மன்றத்தில் நானும் பசையும் ஒரு குழு. அவன் விரலில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அதனால் அந்தப் பெயர். என் பெயர் ஸ்கேல். அளக்காமல் எதையும் தொடமாட்டேன்!

ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்குக் குடிநீர்க் குழாய் எட்டாது. என் தம்பியும் அவர்களில் ஒருவன். அவர்கள் ஏறி நிற்கத்தான் இந்த ஸ்டூல். அரை மணி நேரத்தில் சார் வந்துவிடுவார். ஆடினால் குழாயடிக்கு அனுப்பமாட்டார்.

ஆளுக்கு இரண்டு கால் அறுத்திருந்தோம். அளந்து பார்த்தேன். எதிரெதிர் மூலைகளில் இருந்த, பசை அறுத்த இரண்டும் அரை சென்டிமீட்டர் கூடுதல் நீளம்.

"எங்கேருந்துடா அளந்த?"

"ஸ்கேல் நுனியிலேருந்து."

"பூஜ்யம் கொஞ்சம் தள்ளில்ல இருக்கு!"

அவன் முகம் சுருங்கியது. "போன தடவையும் என்னாலதான் கெட்டுது. நீ வேற யாரையாவது சேத்துக்கோ."

எனக்கு மூக்குக்கு மேல் வந்த கோபம் அதைக் கேட்டதும் எங்கே போனதோ!

"சும்மா இருடா. நீ ஒட்டினதை இனிமே யாரால பிரிக்க முடியும்? நீளத்தைக் குறைக்க வேணாம். குட்டையை உயர்த்துவோம்."

கழிவுப் பெட்டியில் ஒரு பழைய ரப்பர் செருப்பு கிடந்தது. அதை வெட்டி, நான் அறுத்த இரண்டு கால்களின் அடியிலும் ஒட்டினோம். ஸ்டூல் கம்மென்று நின்றது.

சார் வந்து அதைத் தலைகீழாகப் புரட்டினார். "ரப்பர் வெச்ச கால் யார் அறுத்தது?"

"நான்தான் சார்."

"அட, ஸ்கேலுக்கே அளவு தப்பிடுச்சா!"

மன்றமே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது.

பசை சட்டென்று முன்னால் வந்தான். "அவ அளவு சரி சார். நான்தான் நீளமா அறுத்துட்டேன்."

"ஆனா ஒட்டினது இவன் சார், இழுத்துப் பாருங்க!" என்றேன்.

சார் ஒவ்வொரு காலாகப் பிடித்து இழுத்தார். ம்ஹூம்! "பலே! குழாயடிக்குக் கொண்டு போங்க," என்றார்.

முதலில் ஏறியவன் என் தம்பி. தண்ணீர் குடித்தான், சட்டையையும் நனைத்தான். "இது எங்க அக்கா செஞ்சது!" என்று கத்தினான்.

"அக்காவும் இந்த அண்ணனும்னு சொல்லுடா!"

இன்னும் சத்தமாகக் கத்தினான்.

அன்று பசை அரை சென்டிமீட்டர் உயரமாகத் தெரிந்தான். அளக்காமலே சொல்கிறேன்.