இடது மூலையில் ஒரு பள்ளம்

மாலை 4.10. ஷெட் கதவைத் திறந்ததுமே கருகிய வாடை முகத்தில் அறைந்தது. பழைய பிரிண்டர் கம்பிகளையும் ஜன்னல் சட்டங்களையும் பொறுக்கி, மூன்று வருடம் மல்லுக்கட்டி, பஸ் டிரைவரான அவள் கட்டிய சி.என்.சி. மெஷின் கோணிக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டர் சொன்னபடி நகர்ந்து மரத்தைக் குடையும் அதன் கை, இடது சட்டத்தில் முட்டிச் சிக்கியிருந்தது. மோட்டார் காலி. மேடையின் இடது மூலையில் இரண்டு விரல் நீளத்துக்குப் பள்ளம். அவளுக்கு அழுகை முட்டியது, ஆத்திரம் முந்திக்கொண்டது.

வாசலில் மாமனார் நின்றார். "மத்தியானம் கரண்ட் போயிட்டு வந்துச்சும்மா. அதுவா ஓடியிருக்கு. நாளைக்கு வீட்டையே கொளுத்தும். காலையில பழைய இரும்புக்குப் போட்டுடு."

வீடு அவருடையது. அவர் சொன்னால் சொன்னதுதான்.

"கரண்ட் வந்தா அது சும்மாதான் நிக்கும் மாமா. யாரோ ஓட்டியிருக்காங்க. அஞ்சு மணி வரைக்கும் டைம் குடுங்க. கண்டுபிடிக்கலேன்னா நானே தூக்கிப் போடுறேன்."

பகலில் வீட்டில் இருந்தது மூன்று பேர். மாமனார் மவுஸைக்கூடத் தொட மாட்டார். மிச்சம் இரண்டு பேர்.

4.25. சமையலறையில் மகள்.

"நீ ஓட்டினியா?"

"இல்லம்மா."

"ஓட்டணும்னா கையை எந்த மூலையில நிறுத்துவே?"

"வலது மூலையில. தூசி உறிஞ்சுற குழாய் சிக்குதுன்னு போன ஞாயித்துக்கிழமைதானே இடதுலேருந்து மாத்தினோம்? ஸ்க்ரூ முடுக்கினதே நான்தானே!"

4.40. முன்னறையில் கொழுந்தன். தச்சு வேலை செய்பவன்; மெஷினுக்கு அவன் வைத்த பெயர் 'பொம்மை'.

"மெஷினைத் தொட்டீங்களா தம்பி?"

"அந்தப் பொம்மையையா? எனக்கு உளி இருக்கு அண்ணி."

"ஒரு தடவைகூட?"

"ஷெட்டுக்குள்ளயே நான் வர்றதில்லையே."

"அப்போ எப்படி இடிச்சிருக்கும்?"

"இடது மூலையில ஆரம்பிச்சு வலது பக்கம் போக வேண்டியது, கரண்ட் வந்த வேகத்துல திசை மாறிப் போயிருக்கும்."

"சரி தம்பி."

5.00. எல்லோரும் ஷெட்டில் கூடினார்கள்.

"ஞாயித்துக்கிழமையிலேருந்து ஆரம்பம் வலது மூலை. எந்த டிசைனைக் குடுத்தாலும் கை இடப்பக்கம்தான் நகரும். அதை இடது மூலையில கொண்டுபோய் நிறுத்திட்டு ஓடுன்னா எங்கே போகும்? சட்டத்துலதான் முட்டும். மாத்தினது தெரியாத, ஆனா அதுக்கு முன்னாடி ஓட்டிப் பழகின ஆள் செஞ்ச தப்பு இது." அவள் திரும்பினாள். "ஷெட்டுக்குள்ளயே வராத உங்களுக்குப் பழைய மூலை எப்படித் தெரிஞ்சுது தம்பி?"

கொழுந்தன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "கதவு ஆர்டர் அண்ணி. பூவேலைக்கு என் கை ஓடலை. நாலு மாசமா நீங்க பஸ்ஸுக்குப் போன பிறகு..."

"பொம்மைன்னு சொல்லிட்டு அதுலயேவாடா பொழப்பை ஓட்டினே?" என்றார் மாமனார். பிறகு விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "இருந்தாலும் வீட்டுல இப்படி ஒண்ணு..."

"மெஷின் எங்கேயும் போகாது மாமா. போனா நானும் அதோடயே போவேன்."

மாமனார் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் ஸ்பானரை எடுத்து எரிந்த மோட்டாரைக் கழற்றத் தொடங்கினாள்.

"தம்பி, கதவுக்காரர் வீட்டுக்குப் போய், பூவேலை அண்ணியோட மெஷின் செஞ்சதுன்னு சொல்லிட்டு வாங்க."

"எல்லாம் என் கையால செஞ்சதுன்னு சொல்லியிருக்கேனே அண்ணி!"

"தெரியும். அதனாலதான் போகச் சொல்றேன்."