ஈசான மூலையில் ஒரு குழாய்

பால் என்னவோ நன்றாகத்தான் பொங்கியது. ஆனால் ஐங்கரன் அதை வாயருகே கொண்டுபோனபோது ஆட்டுக்கொழுப்பு வாடை அடித்தது. புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனம் முகம் சுளிக்காமல் குடித்து, வாழ்த்திவிட்டுப் போனது. அவன் மட்டும் தன் பங்கைத் தொட்டியில் ஊற்றினான். ஊற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு பிசுக்குப் படிந்தது. வெந்நீர் விட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வூப்பர்டாலில் சரிவான காணி அது. ஜெர்மன்காரர்கள் பார்த்துப் பார்த்து விட்டுப்போனது. "தென்மேற்கு உயர்ந்து வடகிழக்கு பதிஞ்சிருக்கு. லட்சத்திலை ஒண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கும்" என்றார் வாஸ்து என்றால் உயிரை விடும் இராசலிங்கம் அண்ணை. ஒரே ஒரு குறை இருந்தது. மேட்டில் ஊறும் நீரைப் பின்சுவரைச் சுற்றி இறக்கி வெளியே விடும் குழாய், சரியாக ஈசான மூலையில் வாயைத் திறந்துகொண்டிருந்தது. சாமி இருக்கும் மூலையில் சாக்கடையா? கட்டட மேற்பார்வையாளர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "அதை மட்டும் தொடாதே. மலை தன் அழுக்கை எங்கேயாவது துப்பியாக வேண்டும்." குடிபூரலுக்கு முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்து ஐங்கரன் குழாயின் வாயைச் சீமெந்தால் அடைத்து, மண்ணை மூடி, ரோசாச்செடியும் நட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதற்கு ஜெர்மனியிலும் ஆளுண்டு.

மலை துப்பவில்லை. வியர்த்தது.

கீழ்த்தள அறையின் பின்சுவர் மண்ணோடு ஒட்டியது. இரண்டு முறை கலைந்து இப்போதுதான் ஒரு பிள்ளை தங்கியிருந்ததால், படியேறக் கூடாதென்ற டொக்டரின் சொல்லுக்குப் பயந்து மனைவி தேனுஜாவை அங்கேதான் படுக்க வைத்திருந்தான். குளிர் இறங்கியதும் சுவரில் வெள்ளைப் பொட்டுகள் அரும்பின. பிறகு அவை ஒன்றோடொன்று கூடி, குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் மாதிரித் திரண்டு, ஹீட்டரின் சூட்டில் இளகி மெதுவாக வழிந்து, கட்டில் காலடியில் மறுபடி உறைந்தன. அவன் முகமூடி போட்டுக்கொண்டு வழித்தான். வாளியில் விழும்போது அது சதைபோல் தொப்பென்று விழுந்தது. கையுறையைக் கழற்றிய பிறகும் நகக்கண்ணில் அந்த வாடை இருந்தது. சாப்பிடப் பாண் பிய்த்தால் பாணில், பல் தீட்டினால் நாக்கில் இருந்தது. சோற்றைக் கண்டாலே அவனுக்குக் குமட்டியது.

"நாறேல்லையா உனக்கு?"

"ஒண்டும் நாறேல்லை. உங்கடை மூக்கிலைதான் பழுது" என்று தேனுஜா சிரித்தாள். மசக்கையில் தண்ணீரைக்கூடத் தங்கவிடாத வயிறு அவளுடையது. இப்போது முகம் தெளிந்து, கன்னம் மினுமினுவென்றிருந்தது. பிள்ளை நன்றாக வளர்கிறது என்று டொக்டரே மெச்சினாராம். எதைச் சாப்பிட்டு வளர்கிறது என்றுதான் ஐங்கரனுக்கு விளங்கவில்லை. அவன் சமைத்து வைத்த சட்டி அப்படியே கிடந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்து வாளியைத் தூக்கியபோது அது வெறுமையாக இருந்தது. வழித்துத் துடைத்த வாளி. அடியில் கரண்டி கீறிய கோடுகள்.

வாளியை அங்கேயே போட்டான்.

"தேனு, இப்பவே வெளிக்கிடு. அக்கா வீட்டை போவம்."

"என்னாலை ஏலாது" என்றாள் அவள் கட்டிலில் சாய்ந்தபடி. "பிள்ளைக்கு இந்த இடம் பிடிச்சிருக்கு."

அவளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இழுத்துப் பறித்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? அப்படியானால் வாடை போகவேண்டும். அது போவதற்கு வழி ஒன்றுதான்.

பின்னேரமே இருட்டியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ரோசாவைப் பிடுங்கி எறிந்து, மண்ணைக் கிளறி, சுத்தியலால் சீமெந்தை அடித்து உடைத்தான். மலைத்தண்ணீர் பீறிட்டு வரும் என்று விலகி நின்றான். ஒரு சொட்டும் வரவில்லை. டோர்ச்சை அடித்தான். குழாய் வாய்வரை வெள்ளை. இறுகிய வெள்ளை. அதற்குள் மயிர்போல் ஏதோ.

கையை விட்டான். முழங்கைவரை. வழுவழுவென்று, இளஞ்சூடாக. பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னும் உள்ளே விட்டான்.

ஏதோ அவன் விரல்களைச் சுற்றி மூடியது.

ஈறு. பல் இல்லாத ஈறு.

சப்பியது.

கையைப் பறித்துக்கொண்டு விழுந்தான். வாந்தி வந்தது. வாந்தியிலும் அதே வாடை. எழுந்தான். ஓடினான். கதவு. நடை. அறை.

"தேனு!"

அவள் கட்டிலில் இல்லை. சுவரோரம் நிலத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். வாயும் நாடியுமெல்லாம் வெள்ளை. சட்டை மேலே சுருண்டிருந்தது. வயிற்றின் தோல் மினுங்கியது. அதில் வெள்ளைப் பொட்டுகள் அரும்பி, ஒன்றோடொன்று கூடி, தொப்புள்வழியாக வழிந்தன.

"வாங்கோ. பிள்ளை துடிக்குது, பாருங்கோ."

அவன் மணிக்கட்டைப் பிடித்து வயிற்றில் வைத்தாள்.

குளிர்.

அழுத்தவில்லை. அவன் அழுத்தவே இல்லை. விரல்கள் தாமாக உள்ளே இறங்கின. பிறகு உள்ளங்கை. தேனுஜா முகம் சுளிக்கக்கூட இல்லை. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனாள், விழுங்கினாள், அடுத்த வாய்க்குச் சுவரைச் சுரண்டினாள். அவன் கை மணிக்கட்டுவரை போய்விட்டிருந்தது. உள்ளே எலும்பென்று எதுவும் தட்டுப்படவில்லை.