தணிகைவேல் இல்லாத உலகம்

இன்மைக்காட்டி நான்காவது முறையும் அதையேதான் சொன்னது. தணிகைவேல் பிறக்காமலே போயிருந்தால், கடல்நீரைக் குடிநீராக்கும் அவருடைய வடிசவ்வை நாலு மாதம் தள்ளி வேறொருவர் கண்டுபிடித்திருப்பார். சென்னைக்குத் தண்ணீர் வந்திருக்கும். விருதுகள் மட்டும் வேறு வீட்டு அலமாரியில் இருந்திருக்கும்.

ஒரே ஒரு ஆளைக் கழித்துவிட்டு மிச்ச உலகத்தைக் கணித்துக் காட்டும் இயந்திரம் அது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெரிய மனிதர்கள் ஆசையாக அதில் உட்கார்ந்து, முகம் செத்துப்போய் எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். தணிகைவேலுக்கு நாற்பத்தெட்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை.

"ஆபீஸை விடும்மா, வீட்டுல தேடிப் பாரு," என்று இயந்திரத்தை இயக்கும் பிளாரன்ஸிடம் கெஞ்சினார். "ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். இல்லாட்டி நான் எதுக்கு?"

திரையில் அவருடைய அக்கா மகள் நிறைமதி வந்தாள். அவர் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறவள். திக்கித் திக்கித்தான் பேசுவாள். தினமும் காலையில் அவருடைய காரில்தான் போவாள். கார் தானே ஓடும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வடிசவ்வைப் பற்றி யோசிப்பார். அவள் ஏதாவது பேசிக்கொண்டே வருவாள், அவர் "ம்" கொட்டுவார். அவள் சொன்ன ஒன்றுகூட அவர் மனதில் தங்கியதில்லை.

"நீங்க இல்லாத உலகத்துல அந்தப் பொண்ணு யார்கிட்டயும் பேசறதே இல்ல சார்," என்றாள் பிளாரன்ஸ்.

தணிகைவேல் அழுதுவிட்டார். அன்றைக்கே வேலையை ராஜினாமா செய்தார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாத மனிதர். இதையாவது உருப்படியாகச் செய்துவிட வேண்டும் என்று துடித்தார்.

மறுநாள் காரில் அவள் பக்கமாக முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார். "சொல்லும்மா, மாமா கேக்குறேன்."

"நே... நேத்து லே... லேப்ல..."

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார். தலையாட்டினார். கண்ணாலேயே தைரியம் சொன்னார். அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். ஒருநாள் காலை, கல்லூரிக்குப் பாதி வழியில், தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நீங்களும் எ... என் வாயப் பாக்க ஆரம்பிச்சிட்டீங்க மாமா."

அவர் பதறிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழையபடி வடிசவ்வைப் பற்றி யோசிக்கப் பார்த்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த வேலையை இப்போது வேறொருவர் பார்க்கிறார். காது முழுக்க அவள் பக்கமே இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"ம்," என்றார் தணிகைவேல், யாரும் ஒன்றும் சொல்லாமலே.