10.52-க்குப் போன கடிதம்

காலை 11.15. மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்க அலுவலகம். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்ததும் பூவிழி அலறிவிட்டாள்.

சங்கத்தின் மெயிலிலிருந்து தாலுகா ஆபீசுக்கு ஒரு கடிதம் போயிருந்தது. ‘உப்பள நிலத்தைத் தனியாருக்குக் கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை.’ அனுப்பிய நேரம் 10.52. நிலத்தைப் பற்றிய விசாரணை பன்னிரண்டு மணிக்கு. கடிதம் செல்லுமானால் நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று.

அறைக்கு ஒரே சாவி. அது டைப் அடிக்கும் பூவிழியிடம்தான். வாசலில் கூடிய உப்பளப் பெண்கள் அவளைத் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது.

11.25. சப்-இன்ஸ்பெக்டர் பாக்கியலட்சுமி வந்தார். மேசைமேல் வயர் இல்லாத புதுக் கீபோர்டு கவிழ்ந்து கிடந்தது. அடிமூடி திறந்திருந்தது.

"எங்கம்மா போயிருந்த?"

"பேட்டரி வாங்க மேடம். டிராயர்ல கிடந்த பழசைத்தான் நேத்து போட்டோம். உப்புக் காத்துல பூத்துப்போய் செத்துடுச்சு. கடையில சைஸ் காட்ட அதை எடுத்துக்கிட்டு, மெயிலை மூடாம, பத்தே முக்காலுக்கு அறையைப் பூட்டிட்டுப் போனேன்."

பிரிக்காத பேட்டரி பாக்கெட்டை அவள் எடுத்துக் காட்டினாள்.

சங்கச் செயலாளர் சிவஞானம் முந்திக்கொண்டார். "பொய் மேடம்! நான் வராண்டாவுல ஜன்னல் பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருந்தேன். உள்ள பூட்டிக்கிட்டு டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தா. காதால கேட்டேன்."

பாக்கியலட்சுமி வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். கூட்டத்தில் நின்ற கம்ப்யூட்டர் மெக்கானிக் அசோகனைக் கூப்பிட்டார்.

"நேத்து நீ என்ன பண்ண?"

"சாஃப்ட்வேர் போட்டேன் மேடம். கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கே, இந்தக் குட்டி ரிசீவர், இதோட ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் சேர்த்தேன். போகும்போது பூட்டை அமுக்கிட்டுப் போங்கன்னுட்டு பூவிழி முன்னாடியே கிளம்பிடுச்சு. செயலாளர் சார்தான் கூடவே நின்னு எப்படிச் சேர்க்கறதுன்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. நான் கிளம்பினப்பவும் அவர் உள்ளதான் இருந்தாரு."

"எவ்ளோ தூரம் வேலை செய்யும்?"

"முப்பது அடி."

"அந்த சாஃப்ட்வேரைத் திற."

திரையில் பட்டியல் வந்தது. மவுஸ் ஒன்று. கீபோர்டு இரண்டு.

அசோகன் பதறிப்போய்த் திரும்பினான். "சத்தியமா நான் ஒண்ணுதான் சேர்த்தேன் மேடம்!"

"தெரியும்பா." பாக்கியலட்சுமி திரும்பினார். "கடைக்காரர்கிட்ட பேசிட்டேன். 10.52-க்கு பூவிழி அங்க பழைய பேட்டரியோட நின்னிருக்கா. இந்த அறையில ஆளும் இல்ல, கீபோர்டுல பேட்டரியும் இல்ல. அப்ப நீங்க எந்தச் சத்தத்தைக் கேட்டீங்க சிவஞானம்?"

சிவஞானம் வாசல் பக்கம் நகர்ந்தார். பாக்கியலட்சுமி குறுக்கே நின்றார்.

"கேட்டது நிஜம்தான். உங்க பேப்பருக்கு அடியில இருந்த கீபோர்டு. ஜன்னல் வழியா திரையைப் பார்த்துக்கிட்டே அடிச்சீங்க. பொண்ணுமேல பழி போடுற அவசரத்துல உங்க சத்தத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டீங்க."

சிவஞானத்தின் வண்டிப் பெட்டியில் அந்தக் கீபோர்டு இருந்தது.

"நிலத்தைக் கேக்கற கம்பெனியில சூப்பர்வைசர் வேலை தர்றேன்னாங்க மேடம்," என்றார் தரையைப் பார்த்தபடி.

11.46. பாக்கியலட்சுமி தாசில்தாரிடம் போனில் பேசினார். கடிதம் மோசடி என்பதைச் சங்கத்து ஆட்களே நேரில் வந்து சொன்னால் போதும் என்று பதில் வந்தது.

பூவிழி வாசலுக்கு வந்தாள். நடந்ததை ஜன்னலில் நின்று கேட்டுவிட்ட பெண்கள் அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"என்னைத் திட்டினதை சாயங்காலம் பேசிக்கலாம். இப்ப எல்லாரும் தாலுகா ஆபீசுக்கு நடங்க," என்றாள். "அங்க வந்து இதே தொண்டையில கத்துங்க."