முன்னூற்றுப் பதினொரு பேர் போட்ட ஒற்றை நட்சத்திரம்

திங்கட்கிழமை காலை 8.40. தூத்துக்குடி துறைமுகச் சாலை, முத்துமாரி மெஸ். உட்கார இடமில்லாமல் லாரி டிரைவர்கள் வாசலில் நிற்கும் நேரம் அது. அன்றைக்கு உள்ளே இருந்தது முத்துமாரியும் சமையல் வேலைக்கு வரும் நான்கு பெண்களும் மட்டும்தான்.

பறிபோனது நகை அல்ல, பேர். 'முத்துநகர் நாக்கு' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் ஊர்க் கடைகளைப் பற்றி எழுதலாம், படம் போடலாம், ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாம். சனிக்கிழமை வரை முத்துமாரிக்கு நாலரை நட்சத்திரம். ஞாயிறு இரவுக்குள் ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது. துறைமுகத்தில் சுமை தூக்கும் எண்பது பேருக்கு இங்கே மதியச் சாப்பாடு எடுக்கும் காண்டிராக்டர், பன்னிரண்டு மணிக்குள் முடிவு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். அந்த எண்பது சாப்பாடு போனால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான்.

முத்துமாரியின் புகாரைக் கேட்டு வந்திருந்த சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் ஞானபாய் போனைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

முதல் பதிவு ஞாயிறு பகல் 1.02. எழுதியவர் பெயர் 'கடலோடி'. "இப்பத்தான் முத்துமாரி மெஸ்ல மீன் குழம்பு சாப்பிட்டேன். உள்ளே புழு." கூடவே படம். குழம்பின் நடுவில் வெள்ளையாக ஒன்று சுருண்டு கிடந்தது.

1.03க்கு, தளத்தை நடத்தும் சுந்தர்சிங்கின் பதில். நீளமாக நாலு பத்தி. பழகின கடை, போன ஞாயிறுகூட அங்கே மீன் குழம்பு சாப்பிட்டேன், அவசரப்பட்டுப் பழி போட வேண்டாம், மக்களே நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று முடிந்தது.

மக்கள் சொன்னார்கள். முன்னூற்றுப் பதினொரு பேர், ஆளுக்கு ஒரு நட்சத்திரம். என் பிள்ளைக்கு அங்கே சாப்பிட்டு வாந்தி என்றார் ஒருவர். அந்தப் பொம்பளை கையை வெட்டணும் என்றார் இன்னொருவர். துபாயில் இருந்துகொண்டு இன்றைய குழம்பு நாறியது என்று எழுதியவரும் உண்டு. பாதிப் பேர் இந்தத் தெருவையே மிதித்திருக்க மாட்டார்கள்.

"யாரு மேல சந்தேகம்க்கா?"

"எதிர்க்கடை செந்தூர்வேல் அண்ணாச்சிதான் மேடம். நான் மூடுனா அந்த எண்பது சாப்பாடும் அவருக்குத்தான் போகும்."

9.15. செந்தூர்வேல் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நேத்து பகல் ஒரு மணிக்கு எங்க இருந்தீங்க?"

"கடையிலதான்."

"போன்?"

"கல்லாவுல கெடந்துச்சு. நிமிர நேரமில்ல. நேத்து காலையில கோழிக்கடை வரிசையிலயே ஒன்றர மணி நேரம் போயிட்டு. இந்தப் பொம்பளையும் எனக்கு முன்னால அங்கனதான் நின்னுச்சு, கேளுங்க."

முத்துமாரி தலையசைத்தாள்.

"போட்டி உண்டு மேடம். அதுக்காகச் சோத்துல புழு இருக்குன்னு சொல்லுத ஆளு இல்ல நான்."

10.20. சுந்தர்சிங் கடலோரம் இல்லாத நாசரேத் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து அப்போதுதான் அலுவலகத்தைத் திறந்திருந்தான். சட்டை மடிப்புக் கலையாத ஆள்.

"போன ஞாயிறு முத்துமாரி மெஸ்ல என்ன சாப்பிட்டீங்க?"

"மீன் குழம்புதான் மேடம். ஞாயிறானா அங்கதான்."

"கடலோடிங்கிறது யாரு?"

"தெரியாது மேடம். யூசர்ஸ் எழுதுதாங்க. நாங்க இடம் மட்டும்தான் குடுக்கோம்."

11.10. அவனையே மெஸ்ஸுக்கு அழைத்து வந்தாள். செந்தூர்வேலும் வந்து நின்றார்.

"இந்தக் கரையில வள்ளக்காரங்க ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறதில்ல, மாதா கோயிலுக்குப் போவாங்க," என்றாள் ஞானபாய். "அன்னன்னைக்கு வள்ளத்துல வந்த மீனைத் தவிர இந்தத் தெருவுல எதுவும் அடுப்புல ஏறாது. அதனால ஞாயித்துக்கிழமை ரெண்டு கடையிலயும் கோழி மட்டும்தான். அதுக்குத்தான் ரெண்டு பேரும் வரிசையில நின்னாங்க. இதை இந்தக்கா சொன்னாலும் அந்த முன்னூறு பேரும் நம்பியிருக்க மாட்டாங்க. செந்தூர்வேல் அண்ணாச்சி பொய் எழுதியிருந்தா கோழியிலதான் புழு விட்டிருப்பாரு."

சுந்தர்சிங் பக்கம் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை மீன் கிடையாதுன்னு கடலோடிக்குத் தெரியல. போன ஞாயிறு மீன் குழம்பு சாப்பிட்டேன்னு சொன்ன உங்களுக்கும் தெரியல. மத்தவங்க உங்க ரெண்டு பேரையும் பாத்து எழுதினவங்க. நீங்க யாரைப் பாத்து எழுதினீங்க? அதுவும் நாலு பத்தி, ஒரே நிமிஷத்துல. புகார் வருததுக்கு முன்னாலயே பதிலை எழுதி வச்சிருந்தீங்க. போனைக் குடுங்க."

போனில் கடலோடியின் கணக்கு திறந்தே இருந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் ஆசையாகப் போட்ட பழைய படத்தை எடுத்து, அதில் புழுவை ஒட்டியிருந்தான்.

"மூணு மாசமா சைட்ல யாருமே எழுதல மேடம்," என்றான். குரலில் வெட்கம் இல்லை. "நல்ல கடைன்னு சொன்னா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான். சண்டை வேணும். நான் ஒரு புழுதான் விட்டேன். மிச்சம் எல்லாம் அவங்களா எழுதினது."

ஞானபாய்க்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பது அதைவிட அருவருப்பாக இருந்தது.

11.35க்கு உண்மையை அவன் கையாலேயே தளத்தில் எழுத வைத்தாள். பத்தே நிமிடம். அதே பெயர்கள் திரும்பி வந்து ஐந்து ஐந்தாகக் கொட்டின. கையை வெட்டச் சொன்னவர், "எனக்கு அப்பவே தெரியும், அந்தக்கா தங்கம்" என்று எழுதினார். பிள்ளைக்கு வாந்தி என்றவர் கும்பிடும் பொம்மை போட்டிருந்தார்.

11.50க்குக் காண்டிராக்டர் அழைத்தார். புழுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஸ்டார் ஏறிட்டுல்லா, சாப்பாட்ட அனுப்பிருங்க," என்றார்.

நான்கு பெண்களும் அடுப்படிக்கு ஓடினார்கள். முத்துமாரி மட்டும் போனைப் பார்த்தபடி நின்றாள்.

"இதுல நம்ம ஊரு ஆளுகளும் இருக்காங்கள்லா மேடம்?"

"இருக்காங்க."

"நாளைக்கே வந்து உக்காருவாங்க," என்றாள் முத்துமாரி. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்கன்னு நானும் சிரிச்சிக்கிட்டே சொல்லணும்."